நாலாவது ஆள்

என் நாத்தனார் சிவசங்கரிக்கு மனிதர்களைவிட அவர்களுடைய போட்டோ மீதுதான் அக்கறை. திருப்பதியில் 'எல்லைச் சேதி' என்று ஓர் இணையதளம் இருக்கிறது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்திலிருந்து குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன தமிழ்க்காரர்கள் ஊர்ச் செய்தி படிக்கட்டும் என்று, குவைத்தில் பாதி வயதைக் கழித்துவிட்டுத் திரும்பிய வேதாச்சலம் அதை நடத்துகிறார். எந்தக் கட்டுரைக்கு எந்தப் படம், எவ்வளவு பெரிதாக, எதற்குப் பக்கத்தில் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அவளை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பேச்சை விடமாட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பாடம் நடக்கும்.

"கூகுள்ல பொறுக்கின போட்டோ போடக்கூடாது தரணி. அதுல சிரிக்கறவன் யாருன்னு நமக்கே தெரியாது. நம்ம ஊரு மூஞ்சி இருக்கணும், பெருசா இருக்கணும். தேவையில்லாதது இன்னா கீதோ அத்தினியும் வெட்டிடணும். படிக்கறவன் ஃபோன்லதான பாக்கறான், அது எத்தினி சின்னது."

சத்தியவேடு பக்கம் செல்ஃபோன் ஃபேக்டரியில் நாளெல்லாம் ஃபோன் பாகங்களைப் பூட்டிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் முதுகு ஒடிந்து வருகிறவள் நான். என்னிடம்தான் ஃபோன் சின்னது என்று சொல்லுவாள். நான் கரண்டியை வேகமாகக் கிண்டுவேன், அதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை.

என் மாமியார் ரத்தினம்மா அத்தைக்குப் படம் பற்றித் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. மூன்று பேராக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளக்கூடாது, எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இந்தப் பயம் உண்டு, எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதல். என் கல்யாண ஆல்பத்தில் மூன்று பேர் மட்டும் நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. மேடையில் எங்கள் இருவரோடு மூன்றாவதாக யாராவது வந்து நின்றால், போட்டோக்காரரே கீழேயிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி மேலே விட்டுவிட்டுத்தான் எடுத்தார். யார் வீட்டுக் குழந்தை என்று இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கோவர்த்தனன் குவைத்துக்குப் புறப்பட்ட அன்று திருமலையில் தரிசனம் முடித்துவிட்டு, சென்னை பஸ் பிடிக்கத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அவர் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். போர்க் கிணறு வற்றி, கரும்பு காய்ந்து, ஊரில் பாதி ஆம்பிளைகள் பாஸ்போர்ட் எடுத்தபோது அவரும் எடுத்தார். அரபிக்காரர் வீட்டில் டிரைவர் வேலை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் லட்டுப் பை என்று நின்றவரை நடுவில் விட்டு, அந்தப் பக்கம் அத்தையும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். அண்ணி ஃபோனைத் தூக்கினாள்.

"இருடி, மூணு பேரா நிக்கறோம்" என்றாள் அத்தை.

"அம்மா, பஸ்ஸு வந்துரும்."

"வரட்டும்."

தூணை ஒட்டி ஒரு பெண் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை அவளைப் பார்த்து, "அம்மா, ஒரு நிமிஷம் வந்து நில்லும்மா, நாலு பேரு ஆவணும்" என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியுமா தெலுங்கா என்றுகூட யோசிக்கவில்லை. அந்தப் பெண் எதற்கு என்று கேட்கவில்லை. இதற்காகவே உட்கார்ந்திருந்த மாதிரி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, என் இடது தோளில் கையை வைத்தாள். வெயிலில் உட்கார்ந்திருந்தவளுடைய கை குளிர்ந்து கிடந்தது. கனமாகவும் இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தது அந்தக் கையைத்தான். பச்சைக் கண்ணாடி வளையல், புறங்கையில் பச்சை குத்திய சின்னக் கோலம், விரலுக்கு ஒரு புள்ளி. அதற்குள் சென்னை பஸ் வந்து நின்றது. அண்ணி அவசரமாக எடுத்தாள், எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையை ஆட்டினார், நான் அழுதேன். அந்தப் பெண்ணுக்கு யாரும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் அண்ணி ஒரு கட்டுரைக்குப் படம் தேடினாள். வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போன ஊர்களைப் பற்றிய கட்டுரை. தம்பியை வழியனுப்பின படத்தையே எடுத்துப் போட்டாள். சொந்தப் படம், நம் ஊர் முகம், அழுத கண். அவளுடைய எல்லாச் சட்டத்துக்கும் பொருந்திய படம். கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத நாலாவது ஆளை மட்டும் வெட்டிவிட்டாள். அந்தப் பெண் கடைசி நேரத்தில் பஸ் பக்கம் திரும்பியதால் முகம் கலங்கலாகத்தான் விழுந்திருந்ததாம். என் தோளில் நாலு விரல் மட்டும் தங்கிவிட்டது.

படத்தை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். எங்கள் தெருப் பையன் யஸ்வந்த் பெருமையாகக் கொண்டுவந்து அத்தைக்கும் காட்டினான். அத்தை அப்போதே திருப்பதிக்கு ஃபோன் போடச் சொன்னாள்.

"நடுவுல நிக்கறது உன் தம்பிடி. நாலாவது ஆள எங்கடி போட்ட?"

"அம்மா, அவங்க யாருன்னே தெரியாது. தெரியாதவங்க மூஞ்சிய அவங்களக் கேக்காம போடக்கூடாது. அது தப்பு."

"மூஞ்சி வாணாம். ஆளு வேணும்."

"போட்டோவுக்கும் உயிருக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்று அண்ணி சிரித்தது எனக்குக் கேட்டது. உண்மையைச் சொன்னால் நான்கூடச் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவர் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். ரூமில் கட்டில் மேல் உட்கார்ந்திருக்கிறார். புதுச் சட்டை. தோளில் ஒரு கை. ஆள் தெரியவில்லை, படத்தின் விளிம்பிலிருந்து மணிக்கட்டோடு வந்து தோளில் உட்கார்ந்திருக்கிறது. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"மாமா, யாரு அவ?"

"எவ?"

"உன் தோள்மேல கைய வெச்சிக்கினு கீறாளே, வளையல் போட்டுக்கினு. போயி ஒரு மாசம் முழுசா ஆவல, அதுக்குள்ள உனுக்கு ஆளு கெடச்சிட்டாளா?"

"இன்னாடி ஒளர்ற. இந்த ரூம்ல நாங்க ஆம்பளைங்கதான். ஃபோன ஜன்னல்மேல வெச்சி டைமர்ல எடுத்தேன். ரூம்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன்."

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் இருமுவார். அன்று இருமவில்லை. ஃபோனை வைத்துவிட்டுப் படத்தை விரலால் பெரிதாக்கினேன். புறங்கையில் சின்னக் கோலம், விரலுக்கு ஒரு புள்ளி. என் இடது தோள் சில்லிட்டது. சக்களத்தியாகவே இருந்திருக்கக்கூடாதா என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவர் எந்தப் படம் அனுப்பினாலும் கை இருந்தது. காருக்கு முன்னால் நின்றாலும், கடற்கரையில் நின்றாலும், சோறு தின்னும்போது சும்மா எடுத்தாலும் விளிம்பிலிருந்து அந்தக் கை வந்தது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. "தோள் மட்டும் பாரமா கீது. வலி இல்ல. யாரோ கூடவே வர்ற மாரி கீது" என்றார். நான் அண்ணிக்கு எல்லாப் படத்தையும் அனுப்பினேன். நிழல் என்றாள், ஃபோன் கோளாறு என்றாள்.

இதற்குள் இணையதளத்தில் கட்டுரைக்குக் கீழே ஒரே கேள்வி. அந்தப் பெண்ணின் தோளில் இருப்பது யாருடைய கை, பேய்ப் படமா, ஒழுங்காக வெட்டத் தெரியாதா என்று ஆளாளுக்கு எழுதினார்கள். கட்டுரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வேதாச்சலம் அண்ணியைக் கூப்பிட்டு, "இன்னாம்மா இது, அழகா போட்டுட்டு ஓரத்துல விரல உட்டுட்டியே. க்ளீன் பண்ணு" என்றாராம். அண்ணிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. விரல்கள் மேல் என் மாம்பழக் கலர் புடவையை எடுத்துப் பூசிவிட்டாள். எங்கே கை இருந்தது என்று நானே தேடவேண்டியிருந்தது. அவ்வளவு சுத்தம்.

அன்றைக்கே அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கை இல்லை. எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் அவர் என்னவோ மெலிந்துபோய், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற மாதிரி தெரிந்தார். "தோள் லேசாயிடுச்சி" என்று அனுப்பியிருந்தார். "காத்து அடிச்சா தூக்கிக்கினு போயிடும் போல கீது."

அத்தையிடம் நல்ல சேதி என்று சொல்லி, இணையதளத்தின் படத்தையும் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபோனின் மேல் விரலை வைத்து எண்ணினாள். தன்னை, மகனை, என்னை. விரல் என் தோளுக்கு வந்து, அங்கே எதையோ தேடி, நின்றுவிட்டது.

"இன்னிக்கிதான்டி மூணாச்சி" என்றாள். "விரலு கீற வரைக்கும் நாலு பேருதான். மிச்சமும் அழிச்சிட்டாளா?"

அவள் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். நான் அவருக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன், பிறகு ரூம்காரர் நம்பருக்குப் போட்டேன். முதலாளி குடும்பம் பாலைவனத்தில் கூடாரம் போட்டிருக்கிறது, சாமான் ஏற்றிக்கொண்டு தனியாகப் போயிருக்கிறான் என்று ரூமில் இருந்தவர் தெலுங்கில் சொன்னார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த நாள், இன்னும் அங்கே போய்ச் சேரவில்லையாம் என்றார்.

ஃபேக்டரிக்கு லீவு சொல்லவில்லை. புத்தூரில் திருப்பதி பஸ் ஏறி நேராக அண்ணியின் ஆபீசுக்குப் போனேன். அண்ணி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணி, வெட்டாத போட்டோவ எடுத்துப் போடு."

"இல்ல தரணி."

"இல்லன்னா?"

"வெட்டினதும் அதுமேலயே சேவ் பண்ணிடுவேன். ஃபோன்ல எடம் கெடையாது. இங்கயும் க்ளீன் பண்ணதுதான் கீது." அவள் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தாள். "நானே நேத்திலேருந்து தேடிக்கினு கீறேன். எங்கியும் இல்ல."

தேவையில்லாததை வெட்டு, வெட்டியதைத் தூக்கிப் போடு என்று எனக்குப் பாடம் எடுத்தவள். அவள் கன்னத்தில் அறைந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. அறையாமல், ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எப்பப் பாத்தாலும் உன் போட்டோவத் திருடறாங்க, திருடறாங்கன்னு புலம்புவியே. இத்த மட்டும் எவனும் திருடலையா?"

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மடமடவென்று தட்டினாள். அவளுக்கு ஜென்ம விரோதி ஒரு வெப்சைட், பேர் எதற்கு. இவள் போடுகிற படத்தை மறுநாள் அவர்கள் போடுவார்கள், 'எல்லைச் சேதி' என்ற பெயரைச் சுரண்டிவிட்டுத் தங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். எத்தனையோ முறை அவர்களுக்கு மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். அங்கே இருந்தது அந்தப் படம். நிறம் வெளுத்து, அத்தையின் முகத்துக்குக் குறுக்கே அவர்கள் பெயர் எழுதி, அசிங்கமாக இருந்தது. என் தோளில் மட்டும் நாலு விரலும் பத்திரமாக இருந்தன.

திருட்டுப் படத்தைத் திருடி அண்ணி தன் கட்டுரையில் போட்டாள். வேதாச்சலம் எட்டிப் பார்த்து, அடுத்தவன் பெயர் போட்ட படத்தை நாம் எப்படிப் போடுவது என்று ஆரம்பித்தார். "என் தம்பி சார்" என்றாள் அண்ணி. அவர் குவைத் பார்த்தவர். தன் மேஜைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் என் ஃபோனை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது, ஆறிப்போனது. வெளியே மலைக்குப் போகிற பஸ்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணி ஒரு தடவை என் கையைப் பிடித்தாள். நானும் விடவில்லை, அதுவரைக்கும் நாங்கள் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை.

மறுநாள் மத்தியானம், அண்ணியோடு ஆபீசில் இருந்தபோதுதான் ஃபோன் வந்தது. அவர் குரல்தான். தொண்டை வறண்டு போயிருந்தது.

"வண்டி மணல்ல மாட்டிக்கிச்சி தரணி. ஃபோன்ல சார்ஜும் இல்ல. ரோடு எந்தப் பக்கம்னே தெரியல. ஜாக்கி போட்டுட்டு அடியில படுத்து மணல வாரிக்கினு இருந்தேன். யாரோ தோளப் புடிச்சி வெளிய இழுத்தாங்க. திரும்பிப் பாக்கறேன், யாரும் இல்ல. அதே நேரம் ஜாக்கி சாஞ்சி வண்டி உக்காந்துச்சி, நான் படுத்துக்கினு இருந்த எடத்துல."

எந்த நாள், எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. அண்ணி கேட்க வாயெடுத்தாள், நான் தலையாட்டித் தடுத்துவிட்டேன். ஒட்டகம் மேய்க்கிறவர்கள் அவரைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்து ரூமில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் சட்டையைக் கழற்றித் தோளைப் படம் எடுத்து அனுப்பினார். நாலு விரலின் தடம் கன்றிப்போய் இருந்தது. விரலுக்கு ஒரு புள்ளி மட்டும் கறுப்பாக.

அவர் ஊருக்கு வரும்போது அந்தம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துத் தரவேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றாள். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் போய்க் கேட்டோம். பூக்காரியும் டீக்கடைக்காரரும் அப்படி யாரையும் பார்த்ததில்லை என்றார்கள். அடையாளம் சொல்லலாம் என்றால் எங்களுக்கே தெரியவில்லை. அத்தைக்கு அவள் அறுபது வயசுக்காரி. அண்ணிக்கு அவள் முப்பது. எனக்கு வெறும் கைதான்.

அதனால் அண்ணி தன் சட்டத்தைத் தானே மீறினாள். முகமில்லாத படத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள் என்று சொல்லுகிறவள், அவர் அனுப்பின முதல் படத்திலிருந்து கையை மட்டும் எடுத்துப் பெரிதாகப் போட்டாள். கீழே தமிழிலும் தெலுங்கிலும் ஒரு வரி. 'இந்தக் கை யாருடையது? தெரிந்தவர்கள் சொல்லவும்.'

பதில்கள் வர ஆரம்பித்தன. யாரும் பெயர் சொல்லவில்லை, படம் அனுப்பினார்கள். புத்தலப்பட்டிலிருந்து ஒருவர், துபாயில் இருக்கிற அண்ணனுடைய படம். காளஹஸ்தியிலிருந்து ஒரு பெண், சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிற கணவனுடைய படம். மஸ்கட், கத்தார், பெங்களூர். எல்லாவற்றிலும் விளிம்பிலிருந்து வந்த கை, பச்சை வளையல், விரலுக்கு ஒரு புள்ளி. இத்தனை நாள் பக்கத்தில் நின்றவருடைய கை என்று நினைத்தோம் என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்தாள். என் முதுகில் சிலிர்த்தது. ஆனாலும் அதில் ஒரு தைரியமும் இருந்தது, இத்தனை பேரோடும் யாரோ இருக்கிறார்கள் என்று.

கடைசியாக வந்தது நாயுடுபேட்டையிலிருந்து, வெங்கடலட்சுமி என்ற அம்மாளிடமிருந்து. தெலுங்கில் எழுதியிருந்தார். படத்தில் கை இல்லை. சுவரில் மாட்டிய ஒரு ஃபிரேம் போட்ட படத்தையே படமெடுத்து அனுப்பியிருந்தார். பஸ் ஸ்டாண்டில் மூன்று பேர் நிற்கிறார்கள், அந்த அம்மாள், அவர் கணவர், நடுவில் பெட்டியோடு மகன். மகன் முகத்துக்கு நேராகக் கண்ணாடி மேல் குங்குமப் பொட்டு, ஃபிரேமுக்கு மாலை.

அண்ணி அதை எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். "எங்களோடும் அந்த அம்மா நின்றாள். யாரோ ஒருத்தி நம் வீட்டுச் சுவரில் எதற்கு என்று ஸ்டுடியோவில் சொல்லி நான்தான் வெட்டச் சொன்னேன். விரல் தெரிந்தது. அதையும் அழிக்கச் சொன்னேன். நல்ல சுத்தமாகச் செய்து கொடுத்தார்கள். வெட்டாத படம் ஸ்டுடியோவில் இன்னும் இருக்கிறதாம். இப்போது மாட்டினால் ஆகுமா?"

அண்ணி பதில் எழுத விசைப்பலகை மேல் விரலை வைத்தாள். நான் எழுந்து போய் அவள் தோளில் கையை வைத்தேன்.